தட்டில் இருப்பது காதுக்கு வரட்டும்

(பழைய ரெக்கார்டு பிளேயர்கள், ஸ்பீக்கர்கள் குறித்துத் திருத்தணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய செட்டுகளைப் பற்றி எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசுவேன். ஆனால் திருத்தணியில் பேசுவது எனக்குத் தனி மகிழ்ச்சி. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்த மலையில்தான், அது மாயாமாளவகௌளை ராகத்தில் என்று சங்கீத மரபு சொல்கிறது. டிசம்பர் 31 வந்தால் 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டே ஏறுகிறீர்கள். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் இங்கே ஒரே அலமாரியில் டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டும் கண்டசாலாவின் பகவத் கீதையும் தோளோடு தோள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பாடுவதில்லை, அவ்வளவுதான். பாடினாலும் கரகரவென்று பாடுகின்றன. உடனே, "தட்டு பழசாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று மூடி வைத்துவிடுகிறோம்.

தட்டின் மேல் பழி போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தட்டின் பள்ளத்துக்குள் பாட்டு அப்படியே இருக்கிறது. அங்கிருந்து உங்கள் காதுக்கு வருகிற வழியில், ஊசியில், மோட்டாரில், ஸ்பீக்கரின் விளிம்பில், கடைசியாக உங்கள் அறையின் சுவரில், கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறது. புதிதாக ஒன்றை வாங்கிச் சேர்ப்பதைவிட, தொலைகிற இடங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வேலை. அதில் பெரும்பகுதிக்குக் காசை விடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

ஒலி நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்வது? இன்று கடைகளில் ஸ்பீக்கரை ஓடவிட்டு, நெஞ்சு அதிர்கிறதா பாருங்கள் என்கிறார்கள். நமக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. நம் தட்டுகளில் இருப்பது குரல். கே.பி. சுந்தராம்பாள், சூலமங்கலம் சகோதரிகள், சீர்காழி கோவிந்தராஜன், மதுரை சோமு, பெங்களூர் ரமணி அம்மாள் என்று எடுத்துக்கொண்டால், எல்லாமே மனிதத் தொண்டை. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்துப் பொறியாளர்களும் தங்கள் ஸ்பீக்கர்களை உருவாக்கும்போது தங்களுக்குப் பழக்கமான ஆட்களைப் பேச வைத்து, அந்த நேர்க்குரலையும் ஸ்பீக்கரில் வரும் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1970களில் அவர்கள் ஒலிபரப்பு வண்டிக்காகச் செய்த சின்னப் பெட்டியை இன்றும் உலகம் தேடி வாங்குகிறது. நாமும் அப்படியே செய்யலாம். வல்லினம் ஒன்றோடொன்று மோதி ஓடும் திருப்புகழ்ச் சந்தத்தை ஒரு தட்டில் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழ வேண்டும். ழகரமும் ளகரமும் வேறாகக் கேட்க வேண்டும். சகரம் வரும்போது காற்று சீறக் கூடாது. பின்னால் சுருதி ஆடாமல் நிற்க வேண்டும். இவை நான்கும் சரியாக இருந்தால் உங்கள் செட் நல்ல செட். அதன் விலை எதுவானாலும் சரி.

நம் தலைமுறையில் பலர் இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது குழாய் ஸ்பீக்கரில். ஆடிக் கிருத்திகைக்குக் கம்பத்தில் கட்டிய குழாய் ஊர் முழுக்கக் கேட்கும். அந்தக் கூம்பு கொஞ்சம் வாட்டிலேயே ஒரு மைல் தூரம் எறியும், ஆனால் கீழே சுமார் 300 ஹெர்ட்ஸுக்கும் மேலே ஐயாயிரம், ஆறாயிரத்துக்கும் இடைப்பட்டதை மட்டுமே எறியும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி அதில் வராது, தம்புராவின் அடித்தளமும் வராது. மைக் செட்காரர்களை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பாட்டுகளை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களே அவர்கள்தான். ஆனால் அந்தத் தட்டுகளுக்குள் குழாய் காட்டாத பாதி இருக்கிறது. வீட்டில் நல்ல செட்டில் கேட்கும்போது அது முதல்முறையாக வெளியே வரும்.

ஊசியில் தொடங்குகிறேன். நேரம் இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பன்னிரண்டு அங்குல எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நீட்டினால் நானூறு மீட்டருக்கு மேல் வரும். இரண்டு கிராம் எடைதானே ஊசிக்கு என்று நினைப்போம். அது பள்ளத்தின் சுவரைத் தொடுகிற இடம் மிக மிகச் சிறியது என்பதால், அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் போகும். அந்த அழுத்தத்தோடு தேய்ந்துபோன ஊசி ஓடினால் அது உளிதான். வைர ஊசிக்கு ஆயுள் ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம். நீலக்கல் ஊசிக்கு அதில் ஒரு சிறு பங்குதான். உங்கள் வீட்டுச் செட்டில் இருப்பது தாத்தா போட்ட ஊசியா, அப்பா போட்ட ஊசியா என்று தெரியாவிட்டால், தட்டைத் தொடுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள்.

அடுத்தது எந்தத் தட்டுக்கு எந்த ஊசி என்பது. 78 வேகத்தில் ஓடும் அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், அதற்கு முனை சுமார் 75 மைக்ரான் வேண்டும். எல்.பி.க்கும் 45க்கும் 18 முதல் 25 மைக்ரான். எச்.எம்.வி. பெட்டி பிளேயர்களில் ஊசியைத் திருப்பிவிட ஒரு சின்னப் பிடி இருக்கும், ஒரு பக்கம் 78 என்றும் மறுபக்கம் எல்.பி. என்றும் எழுதியிருக்கும். அதைத் திருப்ப மறந்து எல்.பி. ஊசியால் 78 போட்டால், அது பள்ளத்தின் அடியில் உள்ள தூசியில் உழுதுகொண்டு போகும், இரைச்சல்தான் மிஞ்சும். 78 ஊசியால் எல்.பி. போட்டால் அதைவிட மோசம். அது பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பை நசுக்கும், அந்தச் சேதத்தை யாராலும் சரி செய்ய முடியாது. பழைய கிராமபோனின் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று கணக்கு. சிறு தகர டப்பாவில் நூற்றுக்கணக்கில் விற்றது அதனால்தான்.

எடை. "லேசாக வைத்தால் தட்டு தேயாது" என்று பலர் எடையைக் குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எடை போதாவிட்டால் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு விட்டுத் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொத்தும். குரல் உச்சத்துக்குப் போகும்போது கிழிகிற மாதிரி கேட்பது பெரும்பாலும் இதனால்தான். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் காந்த வகையானால் ஒன்றரை முதல் இரண்டரை கிராம், பழைய செராமிக் வகைக்கு நாலு முதல் ஆறு கிராம். செய்தவர் குறித்த அளவில் மேல் எல்லையை ஒட்டி வையுங்கள். நகைக்கடைத் தராசு போல ஒரு சின்ன மின்னணுத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

ஊசி நேராக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை உள்ளே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். கோணம் கொஞ்சம் பிசகினாலும் கடைசிப் பாட்டில் சகரம் சீறும். கார்ட்ரிட்ஜை இரண்டு இடத்தில், மையத்திலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும், பள்ளத்துக்குச் சரியான தொடுகோடாக நிறுத்த வேண்டும். இதற்கென்று கோடு போட்ட அட்டை இருக்கிறது. ஒரு மாலைப் பொழுது செலவாகும். அந்த ஒரு மாலை தரும் பலனை எந்த விலையுயர்ந்த வயரும் தராது.

இந்த ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் மாநிலத்திலேயே அதிக வெயில் எங்கே என்று வானிலைச் செய்தியில் சொல்லும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வருகிறது. பழைய பெட்டி பிளேயர்கள் சிலவற்றில் இருக்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் ரோச்செல் உப்பு என்ற படிகத்தால் ஆனது. அது சுமார் 55 டிகிரி சூட்டில் கெட்டுவிடும், ஈரமும் ஆகாது. தளத்துக்குக் கீழே பரணில் பல சித்திரைகளைக் கழித்த செட்டில் அந்தக் கார்ட்ரிட்ஜ் உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. மோட்டார் சுற்றுகிறது, பாட்டு வரவில்லை, அல்லது எறும்பு ஊர்வதுபோல வருகிறது என்றால், ஆம்ப்ளிஃபயரைப் பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மாற்றும்போது செராமிக்குக்குச் செராமிக்கே போடுங்கள். காந்த வகை போட்டால் அது தருவது சில மில்லிவோல்ட் மட்டும், அதோடு அதற்கென்று தனி ஃபோனோ சர்க்யூட் வேண்டும். ஏனென்றால் தட்டு வெட்டும்போதே அடிக்குரலைக் குறைத்து மேல்குரலைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அடுத்த பள்ளத்தில் போய் இடிக்கும். 1954க்குப் பிறகு இதற்கு எல்லாக் கம்பெனிகளும் ஏற்ற ஒரே கணக்கு வந்தது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதுதான் ஃபோனோ சர்க்யூட். அது இல்லாமல் கேட்டால் பாட்டு தகர டப்பாவில் பாடுவதாக இருக்கும்.

இனி வேகம். சங்கீதம் தெரிந்த ஊரில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

தட்டு ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும். தாளம் முடுகும், குரல் சின்னப் பிள்ளையின் குரலாகும். கூடவே ஆர்மோனியம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது உடனே தெரியும், மற்றவர்கள் "என்னவோ சரியில்லை" என்று மட்டும் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பிளேயர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைத்துவிடலாம், ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் தாளத்தைப் பின்பற்றி ஓடும் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐந்து கட்டைக் குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். சீர்காழியின் குரலை அப்படிக் கேட்டுவிட்டு, தட்டில் போலி அச்சடித்துவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. மோட்டார் தண்டில் மாட்டும் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்துண்டை ஒட்டுங்கள். எல்.பி. வேகத்தில் நூறு சுற்று சரியாக மூன்று நிமிடம். 45 வேகத்தில் தொண்ணூறு சுற்று இரண்டு நிமிடம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள், ஊசி பதிந்திருக்கும்போது இருக்கும் வேகம்தான் உண்மையான வேகம். கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை வைத்திருப்பவர்கள், நம் மின்சாரத்துக்கு எல்.பி. வட்டத்தில் 180 கோடு இருக்கிறதா பாருங்கள். 216 இருந்தால் அது அமெரிக்க அட்டை. அதையும் பழைய குண்டு பல்பு, டியூப்லைட் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் மின்சாரத்தோடு சேர்ந்து வரும் மினுக்கல் இல்லை. 78 தட்டுகள் எல்லாமே 78 இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆரம்ப காலத்தில் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை, பதிவு செய்தவர் வைத்ததுதான் வேகம். அங்கே காதுதான் நீதிபதி.

வேகம் தள்ளாடினால் பெரும்பாலும் ரப்பர்தான் காரணம். பெல்ட் நம் வெயிலில் இளகித் தொய்ந்துவிடும். காரார்ட் போன்ற பழைய பிளேயர்களில் பெல்ட் கிடையாது, ரப்பர் சக்கரம் ஒன்று மோட்டாருக்கும் தட்டுப் பலகைக்கும் நடுவில் அழுத்தி நின்று சுழற்றும். அது இறுகிக் கல்லாகியிருந்தால் வழுக்கும், ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் சுற்றுக்குச் சுற்று "டொக் டொக்" என்று அடிக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் சக்கரத்தை மாற்றுங்கள். மோட்டாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழியில் அது உறைந்து பிசினாகி மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.

தட்டைக் கழுவுவது பற்றிச் சுருக்கமாக. வினைல் தட்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, மறுபடி சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் அலசிக் காற்றில் காய வைக்கலாம். லேபிள் நனையக் கூடாது. போர் தண்ணீர் ஆகாது, காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்திலேயே படியும். 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கு. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிற தச்சர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். அதே வேலை உங்கள் தட்டிலும் நடக்கும். கழுவிய தட்டை நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். வினைல் 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கும். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் தட்டை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டு வந்தால், திரும்பி வரும்போது அது அப்பளமாக நெளிந்திருக்கும்.

பிளேயர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்பீக்கர் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கே திரும்பி வந்தால், அது மறுபடி பெருக்கப்பட்டு, மறுபடி வந்து, கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரு "ம்ம்ம்" படரும். பலர் இதைத்தான் அடிக்குரல் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கிற தட்டின் மேல் ஊசியை வையுங்கள். ஒலியை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து மேஜையை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் பாட்டோடு கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இங்கிலாந்தில் காரார்ட் 301 பிளேயர் வைத்திருக்கும் ரசிகர்கள் அதைக் கனமான கற்பலகையில் பதித்துக் கேட்கிறார்கள், அதற்குப் பெரும் தொகை கொடுக்கிறார்கள். நமக்குக் கடப்பா கல் பக்கத்திலேயே கிடைக்கிறது. உங்கள் சமையலறையிலும் அலமாரியிலும் அந்தக் கல் ஏற்கெனவே இருக்கிறது. பதினெட்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் ஒரு அங்குலக் கனத்தில் வெட்டினால் சுமார் பன்னிரண்டு கிலோ வரும். கல் வெட்டுகிறவரிடம் மூலையை மழுக்கி வாங்குங்கள். லேசாகக் காற்றடித்த சின்ன சைக்கிள் டியூபின் மேல் கல்லை வைத்து, கல்லின் மேல் பிளேயரை வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமன் செய்யுங்கள். சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரித் தட்டு இருந்தால் அதுவும் அருமையான இடம். அதே தட்டில் ஸ்பீக்கரையும் வைத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். முன்பக்க வலையைக் கழற்றிக் கோனின் விளிம்பைப் பாருங்கள். 1970, 80களின் பெட்டிகள் பலவற்றில் விளிம்பு ஃபோமால் ஆனது. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அது பதினைந்து, இருபது ஆண்டுகளில் மாவாக உதிர்ந்துவிடும். விரல் பட்டதும் கறுப்பாக உதிர்ந்தால், பாட்டுப் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பிடி இல்லாமல் ஆடும் கோன் தன் காயிலைக் காந்தத்தில் உரசி அறுத்துக்கொள்ளும். காயில் நன்றாக இருக்கும்வரை வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்: அதே அளவு ஃபோம் வளையம், அதற்குரிய பசை, காயில் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து ஒட்டும் கை. பழைய பெட்டி வானொலிகளின் காகித விளிம்பு உதிராது, ஆனால் பூச்சி அரிக்கும். சின்ன ஓட்டையை மெல்லிய டிஷ்யூ காகிதமும் நீர்த்த வெள்ளைப் பசையும் வைத்து மூடலாம்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ரிப்பேருக்குப் போனால், "மொத்தமாகக் கோன் மாற்றிவிடலாம், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்பார்கள். மைக் செட் ஸ்பீக்கருக்கு அது சரி. வீட்டு ஸ்பீக்கருக்கு வேண்டாம். கோனின் எடை, விளிம்பின் இளக்கம், பெட்டியின் கொள்ளளவு மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டு அமைத்தவை. ஆஸ்திரேலியாவில் தீல் என்ற பொறியாளர் 1961லேயே இந்தக் கணக்கை எழுதிவிட்டார், பிறகு ஸ்மால் என்பவர் அதை விரித்தார். கனமான புதுக் கோன் போட்டால் அந்தக் கணக்கு குலைந்து குரல் மந்தமாகிவிடும். அதேபோல் அமெரிக்காவில் 1954ல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த மூடிய பெட்டி வகையில் உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். பின்பலகையின் திருகு ஒன்று கழன்று காற்று கசிந்தாலும் அடிக்குரல் போய்விடும். அடிக்குரலைத் தரும் ஊஃபரை உள்ளங்கையால் மெல்ல, நேராக அழுத்தி விடுங்கள். சோம்பலாக மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி அடைப்பாக இருக்கிறது. படக்கென்று வந்தால் எங்கோ கசிகிறது.

குரலில் எழுத்து தெளியவில்லை, மூடி போட்ட பாத்திரத்துக்குள் பேசுவதாக இருக்கிறது என்றால் பெட்டிக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள கண்டன்சரைப் பாருங்கள். முப்பது நாற்பது ஆண்டில் அதன் உள்ளே உள்ள ரசாயனம் காய்ந்துவிடும், மேல்குரலைத் தரும் ட்வீட்டருக்குப் போக வேண்டியது போகாது. அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே அல்லது மேலான வோல்ட்டில், ஃபிலிம் வகை கண்டன்சர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பாட்டு ஒரு பக்கம் சாயும். மாற்றிய பிறகு மேல்குரல் கொஞ்சம் கூர்மையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ட்வீட்டர் வழியில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் அடங்கும்.

செலவே இல்லாத ஒரு சரிபார்ப்பு: ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸைத் தொடும்போது இரண்டு பெட்டியிலும் ஊஃபர் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. வயரை மாற்றிக் கட்டிய நொடியில் பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்பார். எத்தனையோ வீடுகளில் வெறும் இந்த ஒரு வயரால் நல்ல செட்டுகள் கெட்ட பெயர் எடுத்திருக்கின்றன.

எல்லாம் சரி செய்தாலும் கடைசியில் அறை இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற பேராசிரியர் 1890களில், பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வகுப்பறையில் அடுக்கி, ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். அவர் கண்டுபிடித்த சூத்திரத்தில் நம் வீட்டு அறையைப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரம் பத்து அடி, சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. அது காலியாக இருந்தால் ஒரு கைதட்டல் அடங்க ஏறக்குறைய நாலு விநாடி ஆகும். அந்த நாலு விநாடிக்குள் திருப்புகழில் எத்தனை எழுத்து ஓடிவிடும் என்று நினைத்துப் பாருங்கள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கஞ்சியாகும். அதே அறையில் எட்டு சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை முழுக்க உறிஞ்சும் பொருள் வந்தால் நாலு விநாடி அரை விநாடிக்குச் சற்று மேலே இறங்கிவிடும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், புத்தக அலமாரியைத் திறந்து வையுங்கள், சுவரை விட்டு நாலு விரல் தள்ளிக் கனமான திரை போடுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். ஆட்களும் உறிஞ்சுவார்கள், ஆளுக்குச் சுமார் அரை சதுர மீட்டர். உறவினர்களைக் கூப்பிட்டுச் சேர்ந்து கேட்பதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து, சுவரை விட்டு இரண்டடியாவது முன்னால் வையுங்கள். உட்கார்ந்தால் காதுக்கு நேராக ட்வீட்டர் இருக்கட்டும். அலமாரியின் உச்சியில் பொம்மைகளுக்கு நடுவே வைக்கப்பட்ட ஸ்பீக்கரால் என்ன செய்ய முடியும்? கேட்கும் அரை மணி நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அதன் காற்றிரைச்சல் மட்டுமில்லை, மின்னணு ரெகுலேட்டரின் இரைச்சலும் ஃபோனோ வயருக்குள் "கிர்ர்" என்று புகும். பிளேயரின் எர்த் வயரை ஆம்ப்ளிஃபயரில் கட்டுங்கள், பாதி ஹம் அங்கேயே நிற்கும்.

நம் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோ பரவியதே 1970களின் கடைசியில்தான். "கந்தன் கருணை" படம் 1967, "தெய்வம்" படம் 1972, இரண்டும் அதற்கு முந்தியவை. அந்தக் காலத்துத் தட்டைப் போடும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் அதைத் தள்ளுங்கள். ஊசியின் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் அடங்கிவிடும், தட்டைக் கழுவியதுபோலத் தெளியும். சுந்தராம்பாள் அம்மையாரைக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் தேவையே இல்லை. நல்ல எட்டு அங்குலப் பழைய ஸ்பீக்கர் ஒன்றைச் சரியான இடத்தில் வைத்துக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். அதில் குரல் ஓரிடத்திலிருந்து, ஒரே தொண்டையிலிருந்து வரும்.

வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே முந்நூறு வோல்ட் வரை ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கும். பல ஆண்டாக மூடிக் கிடந்ததை நேரடியாக மின்சாரத்தில் போடாதீர்கள். சீரிஸ் லாம்ப் வைத்து ஏற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தம்பிகள் ஆர்வத்தில் மூடியைத் திறக்க வேண்டாம்.

மைக் செட் வைத்திருந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் பல இருக்கின்றன. பெட்டி பெட்டியாகத் தட்டுகள் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போகின்றன. அரக்குத் தட்டுக் காலத்தின் பல பாட்டுகளுக்குக் கம்பெனியிடம் மூல அச்சு இன்று இல்லை, உங்கள் பரணில் இருக்கும் தட்டுதான் மிச்சம். போடுவதற்கு முன் லேபிளையும் ஓரத்தில் பொறித்த எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கழுவி, சரியான ஊசி போட்டு, முதல்முறை ஓடும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். இரைச்சலை நீக்கிய பிரதி ஒன்று தனியாகச் செய்துகொள்ளலாம், ஆனால் கரகரப்போடு வந்த முதல் பிரதியை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு நம்மைவிட நல்ல கருவியோடு யாராவது வருவார்கள், அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று அவைத்தலைவர் சொல்கிறார். ஊசி, கார்ட்ரிட்ஜ் கழற்றிக் கொண்டு வந்திருப்பவர்கள் மேடையின் இடப்பக்கம் வாருங்கள். பூதக்கண்ணாடியும் தராசும் எடுத்து வந்திருக்கிறேன், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.